தலைகீழாய் விழுந்த புள்ளிகள்

நகராட்சி அலுவலகத்தில் அவரைப் 'புள்ளி சார்' என்றுதான் கூப்பிடுவார்கள். அட்சரேகை, தீர்க்கரேகை என்று இரண்டு எண்களைக் கொடுத்தால், வரைபடத்தில் அது எந்த இடம் என்று கணக்குப் போட்டுச் சிவப்புப் புள்ளி வைத்துவிடுவார். குழாயோ விளக்குக் கம்பமோ, அவர் கை பட்டால் தப்பாது என்று ஊரே நம்பியது. அவரும் நம்பினார், அதுதான் வினை.

காய்ச்சல் வந்த வருடம் நானூறு பேரை ஒரே மைதானத்தில் அவசர அவசரமாகப் புதைத்தார்கள். சொந்தபந்தம் யாரையும் கிட்டே விடவில்லை. குழிக்குக் குழி கருவியில் எண் எடுத்ததோடு சரி. அடுத்த மழையில் மேடெல்லாம் கரைந்து மைதானம் மட்டமாகிவிட்டது. மிஞ்சியது புள்ளி சாரின் படம்தான். அதைப் பார்த்துத்தான் ஒவ்வொரு குடும்பமும் கல் நட்டது. அவருடைய அக்காவும் தன் புருஷனுக்கு நட்டாள். மூன்று வருடமாக ஞாயிறு தவறாமல் போய், வாரத்தில் நடந்ததையெல்லாம் அந்தக் கல்லிடம் ஒப்பித்துவிட்டு வருவாள்.

போன செவ்வாய்க்கிழமை ஒரு குடும்பம் அனுமதி வாங்கி, தங்கள் மகனை வேறிடம் மாற்றத் தோண்டியது. வாட்டசாட்டமான ஆள் கிடக்க வேண்டிய குழியில் ஒரு குழந்தை கிடந்தது.

புள்ளி சார் பழைய கணக்கை எடுத்துப் பார்த்தார். அட்சரேகை வடக்கே போகப் போகக் கூடும். கணினிப் படத்திலோ மேலிருந்து கீழே எண்ண வேண்டும். அதனால் வந்த எண்ணைப் படத்தின் உயரத்திலிருந்து கழிக்க வேண்டும். கற்றுக்குட்டிகூடச் செய்கிற வேலை. அந்தத் தடவை அவர் கழிக்கவில்லை. வடக்குக் கோடி தெற்கே விழுந்திருந்தது, தெற்கு வடக்கே.

அவர் போய்ச் சொன்னதும் அதிகாரி அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். "அந்த ஒரு கல்ல மட்டும் மாத்திடுங்க. மத்தவங்க நிம்மதியா இருக்காங்க, கிளறாதீங்க."

தலையாட்டிவிட்டு வந்தவருக்கு நாலு நாள் சாப்பாடு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போய், செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

அக்கா கத்தவில்லை. "அப்ப நான் அழுத இடத்துல யாருடா இருக்காங்க?"

"யாரும் இல்லக்கா. வெறும் மண்ணு."

"மாமா?"

"வடக்குக் கோடியில. படத்துல அது காலியா இருந்துச்சு. அதான் கேட்டுலேர்ந்து நடக்க அங்க சிமெண்ட் போட்டாங்க."

"அந்த வழியாத்தானேடா நான் உள்ள போவேன்." அவள் குனிந்து காலில் இருந்த செருப்பைப் பார்த்தாள். "வாராவாரம் அவரை மிதிச்சிட்டா போனேன்?"

அக்கா செருப்பைக் கழற்றினாள்.

"மத்த வீட்டுக்கெல்லாம் போய்ச் சொல்லு. ஒண்ணு விடாம. அப்புறம் இந்த வீட்டுக்கு வா" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.