பானை ஓட்டுக்காரர்

சிதம்பரத்திலிருந்து கடலூர் போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார் அவர். ஐம்பது வயதிருக்கும். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, மை பூசிய மீசை. மடியிலிருந்த சோப்பு டப்பாவை அடிக்கடி திறந்து பார்த்து மூடினார். நான் கவனிப்பதைக் கண்டதும் என்னிடமே நீட்டினார். உள்ளே பஞ்சுக்கு நடுவில் ஒரு பானை ஓடு. அதன்மேல் நாலைந்து கீறல்கள்.

"எழுத்து சார். திருவதிகை பக்கம் எங்க கொல்லையில ஏர் ஓட்டும்போது கெடச்சுது. புஸ்தகத்துல போட்டிருக்கறதவிட ரொம்ப முன்னாடியே நம்ம ஆளுங்க எழுதியிருக்காங்க."

அதைத்தான் அன்று காலை சிதம்பரத்தில் ஒரு பேராசிரியரிடம் காட்டிவிட்டு வருகிறாராம்.

"என்ன சொன்னாரு?" என்று கேட்டேன்.

"கலப்பை பட்ட கீறல்னுட்டாரு. ஆனா லென்ஸ் வச்சு ரொம்ப நேரம் பாத்தாரு சார். எங்க ஊட்ல யாரும் இத கையிலகூட வாங்கல."

"அப்ப ஒத்துக்கிட்டீங்களா?"

"அது எப்படி சார்? இன்னொருத்தருகிட்ட காட்டணும்."

வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். பேராசிரியர் சொன்னதுதான் சரியென்று பட்டது. அவரோ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கடலூரில் இறங்கி அவர் பண்ருட்டி பஸ்ஸுக்கு ஓடிய பிறகும், அது எழுத்தாகவே இருந்துவிடக்கூடாதா என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. ஏனென்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.