சத்துவாச்சாரி வைர அறையில் மூன்று மணி நேரம்

எங்கள் குடும்பத்தில் பொய் சொல்லும் வழக்கம் இல்லை. இது எனக்கே நடந்தது. 1984, புனித வெள்ளி.

என் மகன் ஜெயகரன் சத்துவாச்சாரியில் ஒரு கொட்டகையில் வைரம் வளர்த்து வந்தான். சிறு உருளையின் அடியில் கடுகை விடச் சின்ன வைர விதை. மேலே கரி. நடுவில் நிக்கல். ராட்சத பிரஸ்ஸில் அழுத்திச் சூடேற்றினால் நிக்கல் உருகும். கரி அதில் கரைந்து, கீழே இறங்கி, விதைமேல் அடுக்கடுக்காகப் படியும். மூன்று நாளாகும். இடையில் அழுத்தம் இறங்கினால் எல்லாம் பாழ்.

பங்கு சேரவிருந்த மேல்விஷாரம் தோல் வியாபாரி நிசார் அஹமது, கடைத்தெருவில் நாலு பேர் முன்னால் சிரித்தார். "கல்லு பம்பாய்ல வாங்கினதாமே சார்?"

என் மகனைப் பொய்யன் என்பதா? நானே காவலிருந்தேன். முடிவில், 'அறையில் வேறு யாரும் இல்லை' என்று நான் கையெழுத்திடுவதாகப் பேச்சு.

கடைசி நாள் எல்லோரும் சர்ச்சில் பன்னிரண்டு முதல் மூன்று வரை நடக்கும் மும்மணி ஆராதனைக்குக் கிளம்பினார்கள்.

"வெளிய பூட்டு. சாவிய நிசார் சாயபுகிட்டயே குடு" என்றேன்.

"வேணாம்ப்பா..." ஜெயகரன் முகம் வெளுத்திருந்தது.

"பூட்டுடா."

12.00. இரும்புக் கதவு. ஜன்னல் கிடையாது. அரை மணிக்கொரு தரம் அழுத்தத்தை நோட்டில் குறிக்க வேண்டும். குறித்தேன்.

1.22. டக்... டக்... பிரஸ்ஸுக்குப் பின்னாலிருந்து. சூட்டில் இரும்பு விரிகிறது என்று நினைத்தேன்.

1.30. குறித்தேன். யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

1.41.

"ஐயா, பிரஷர் எறங்குது."

முள் அசையவில்லை.

"யாரது?"

"அருணகிரி. ஷிப்ட் ஆளு."

"எப்போ உள்ளே வந்தே?"

"நான் வெளியவே போவலியே..."

எழுந்து கதவுக்கு ஓடினேன்.

"கதவத் தெறங்கய்யா."

"வெளியே பூட்டு..."

"எப்பவும் அப்பிடித்தான்யா."

டக்... டக்... என் காதருகே. கதவின் உட்பக்கம்.

நானும் தட்டினேன்.

யாரும் வரவில்லை.

3.05. கதவு திறந்தது.

சாயங்காலம் உருளையை உடைத்தார்கள். தீக்குச்சித் தலையளவு மஞ்சள் வைரம். "மாப் பண்ணுங்க சார்" என்று நிசார் அஹமது நான் கையெழுத்திட வேண்டிய காகிதத்தை நீட்டினார்.

மகனைத் தனியே அழைத்தேன். "அருணகிரி யாரு?"

கதவைச் சாத்திவிட்டு வந்து சொன்னான். போன வருடத்து ஆளாம். அவன் கல்லைத் திருடிவிடுவான் என்று, உள்ளே வைத்து ஜெயகரன் வெளியே பூட்டுவானாம். ஒரு நாள் 1.45க்கு பிரஸ்ஸின் அச்சு வெடித்தது. கதவைத் திறந்தபோது உயிரில்லை. என்னிடம், "ஷிப்ட் ஆளு ஊருக்குப் போய்ட்டான்" என்று ஜெயகரன் சொல்லியிருந்தான்.

நோட்டைப் புரட்டினேன். அருணகிரியின் கடைசிப் பக்கம் 1.30-உடன் நின்றிருந்தது.

இன்றைய பக்கத்தில் 1.30 வரை என் எழுத்து. அதன் கீழே 2.00... 2.30... 3.00.

அவன் எழுத்து.

அந்தக் காகிதத்தில் நான் இன்றுவரை கையெழுத்திடவில்லை.