நடு நாற்காலியில் கேட்காத குரல்

போன வாரம் புதுக்கோட்டையில் அக்கா மகன் வீட்டுப் பால்காய்ப்பு. கூடத்தில் ஆளுயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள். அக்கா மகன் பழைய பாட்டொன்று போட்டான். பாடகர் நடுவில் நின்று பாட வேண்டாமா? குரல் சுவரோரமெல்லாம் சிதறிக் கிடந்தது, அடிச்சத்தமே இல்லை. பெட்டியை மாட்ட வந்த ஆள், "டிஜிட்டல்னா அப்படித்தான் சார் இருக்கும்" என்று சொல்லிவிட்டுக் கேசரியை வழித்துத் தின்றுகொண்டிருந்தான். என்ன திமிர் பாருங்கள்.

சுவர்க் கடிகாரத்திலிருந்து பேட்டரியைக் கழற்றினேன். ஆம்ப்ளிஃபயரிலிருந்து வயரை உருவி, பேட்டரியின் இரு முனையிலும் தொட்டால், ஸ்பீக்கரின் கூம்பு முன்னே துள்ள வேண்டும். ஒன்று துள்ளியது, மற்றது உள்ளே போனது. ஒரு பெட்டிக்கு ப்ளஸ்ஸும் மைனஸும் இடம் மாறியிருந்தன. சரிசெய்ததும் பாடகர் கூடத்தின் நடுவில் வந்து நின்றார். எல்லோரும் மெச்சினார்கள். எனக்கு ஒட்டவில்லை. அந்த ஆள் மேல் வந்த அருவருப்பில் முக்கால்வாசி என் மேல்தான். சொல்கிறேன், கேளுங்கள்.

கேசட் காலம் அது. எனக்கு அப்போது துறைமுகத்தில் குமாஸ்தா வேலை. கடலோரம் வாடகை வீடு. நானும் மனைவி செல்வியும், ஒரு டேப் டெக்கும் இரண்டு பெட்டிகளும். தூத்துக்குடி உப்புக்காற்று சன்னல் கம்பியையே தின்னும், செம்பை விடுமா? ஸ்பீக்கர் வயரின் முனை பச்சையாகப் பூத்துப் பிசுபிசுக்கும். முனையை நறுக்கி நறுக்கி மறுபடி மாட்டுவதுதான் எங்கள் தெரு வழக்கம். அப்படி ஒரு நாள் மாட்டும்போது, எது எந்த வயர் என்று காட்டும் சிவப்புக் கோடு அழுக்கில் தெரியவில்லை. எதுவானால் என்ன, பாடுகிறதல்லவா என்று திருகிவிட்டேன். சோம்பேறித்தனம், வேறென்ன.

அப்பா இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஆத்தூரில் வெற்றிலைக்கொடி போட்டவர். அத்தானின் சின்ன டேப்ரிக்கார்டர் முன்னால் ஒருமுறை அரைமணி நேரம் பேசியிருந்தார். கொடிக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற பக்குவம், எனக்குப் பெண் பார்த்த கதை, நடுநடுவே வெற்றிலைத் துப்பல். அவர் குரல் இருந்தது அந்த ஒரே கேசட்டில்தான். திவசத்தன்று, இரு பெட்டிகளுக்கும் சரிநடுவில் நாற்காலி போட்டு அதை ஓடவிட்டேன். அப்பா சளிபிடித்தவர் மாதிரி, எங்கோ அடுத்த தெருவில் முனகினார்.

"கேசட் தேஞ்சிட்டு" என்றேன்.

அடுப்படி வாசலில், ஒரு பெட்டியை ஒட்டி நின்ற செல்வி சொன்னாள்: "இங்கன வந்து நின்னு பாருங்க. மாமா தெளிவாத்தான் பேசுதாவ."

"ஒனக்கு இதுல என்ன தெரியும்? கொழம்பு கொதிக்கி, போய்ப் பாரு."

மேதாவி நான் எழுந்து நாலடி நடக்கவில்லை.

அப்பாவை அந்தக் கோலத்தில் கேட்கச் சகிக்கவில்லை என்பது பாதி. நல்ல கேசட்டை வீணாக்குவானேன் என்பது மீதி. அதன் மேல் சினிமாப் பாட்டு பதியக் கடையில் கொடுத்தேன். யாரும் அழித்துவிடக் கூடாதென்று அத்தான் கேசட்டின் மூலைத்துண்டை உடைத்து வைத்திருந்தார். அந்த ஓட்டையில் செல்லோடேப் ஒட்டிக் கொடுத்தவனும் நானே. செல்வியிடம் மூச்சு விடவில்லை.

சில மாதம் கழித்து அந்தோணி சாப்பிட வந்தான். என்னோடு வேலை பார்த்தவன், மாதா கோயில் திருவிழாவுக்கு மைக்செட் கட்டுகிறவன். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நடு நாற்காலியில் உட்கார்ந்தவன் துள்ளி எழுந்தான்.

"ஏலே, ஒரு பொட்டி வெளிய தள்ளுது, ஒண்ணு உள்ள இழுக்கு. சத்தம் எங்கலே நிக்கும்? ஒரு பொட்டிய ஒட்டி நின்னாத்தான் ஒழுங்கா கேக்கும்."

வயரை மாற்றினான். பாட்டு நடுவீட்டில் நிறைந்தது. செல்வியின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"அன்னைக்கே சொன்னேன்லா! கேசட் நல்லாத்தான் இருக்கு. மாமா கேசட்டப் போடுங்க, இப்ப அங்கனயே கேக்கும்."

ஓடிக்கொண்டிருந்ததே அந்தக் கேசட்தான்.

"இந்தப் பாட்டு முடியட்டும்" என்றேன்.