முனியாண்டிக்கு முழுசாகப் போன கிடா

எனக்கு எண்பத்திரண்டு வயது. ஏழு பிள்ளைகளை வளர்த்தேன், ஒன்றையும் சாகக் கொடுக்கவில்லை. மூத்தது இரண்டும் கைக்குழந்தைகளாக இருந்தபோது, சுங்காய் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தேன். அது 1920களின் கடைசி. கட்டுத்துணி அவிப்பேன், கஞ்சி ஊட்டுவேன்.

ஒருநாள் பால்வெட்டும் கருப்பண்ணன் கையில் கரிக்கட்டை போன்ற புண்ணோடு வந்தார். சுற்றிலும் வீக்கம், ஆனால் வலியே இல்லை. அங்கே வைத்தியம் பார்த்த டிரஸ்ஸர் ஒரு யாழ்ப்பாணத்து ஐயா. கத்தியை எடுக்காமல் கேள்வி கேட்டார்.

“என்னத்தை அறுத்தனீர்?”

“செத்த ஆடுதான் ஐயா, உரிச்சேன்.”

“இது அடைப்பான் நோய். ஆட்டிலயிருந்து உமக்கு வந்திட்டுது. இனி ஒருத்தரும் செத்த ஆட்டைத் தொடக்கூடாது.”

மறுவாரம், திருவிழாவுக்கு முதல் நாள், பச்சையம்மா அக்காவின் கிடா விழுந்து செத்தது. மூக்கில் கறுத்த ரத்தம். மகன் காய்ச்சலில் பிழைத்ததற்காக அக்கா முனியாண்டிக்கு நேர்ந்துவிட்ட கிடா அது. நேர்ந்ததை வீசக்கூடாது, நாங்கள் குடியிருந்த லயத்து வரிசையில் எல்லா வீட்டுக்கும் கறியில் ஒரு கூறு போகவேண்டும் என்பது எங்கள் வழக்கம். என் வீட்டுக்கும் வரும். தோட்டத்து ஆட்களை வேலை வாங்கும் கங்காணி கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

ஐயா ஓடிவந்தார். கங்காணி சிரித்தார். “சாமி கறியில என்னா சீக்கு? கருப்பன் கை சொத்தைன்னா ஆடு என்னா பண்ணும்?”

தோட்டத்து வெள்ளைக்காரத் தொரையிடம் சொல்லியிருந்தால் ஒரே அதட்டலில் முடிந்திருக்கும். ஐயா போகவில்லை. பச்சையம்மா அக்காவின் எதிரே குந்தினார்.

“பிள்ளை, வளர்த்தது நீர். அறுத்தா ரத்தத்தோட நஞ்சு வெளியில வரும். பிழைச்ச உம்மட மகனும் இதைத்தான் தின்னுவான். அறுக்க வேண்டாமெண்டு நீரே சொல்லும்.”

அக்கா அழுதார். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கங்காணி முன்னால் போய் நின்றார்.

“நேந்துக்கிட்டவ நான். கூறு போடுறேன்னா சொன்னேன்? சாமிக்குன்னுதான் சொன்னேன். முழுசா சாமிக்கே போவட்டும். கத்திய வைங்க மாமா.”

கங்காணி கத்தியைக் கீழே வைத்தார்.

ஐயாவே கையுறை போட்டு, கிடாவைத் தகரத்தில் ஏற்றி இழுத்துப்போனார். கோயிலுக்குப் பின்னால் ஆழமான குழி, கீழேயும் மேலேயும் சுண்ணாம்பு. ரத்தம் சொட்டிய மண்ணையும் வெட்டி உள்ளே போட்டு, வேலி கட்டினார்கள். மறுநாள் கிடாவுக்குப் பதிலாகப் பூசணிக்காய் வெட்டினோம். “இந்த வருசம் முனிக்குச் சைவம்” என்று கங்காணி முனகினார்.

கருப்பண்ணன் கை தழும்போடு ஆறியது. லயத்தில் வேறு யாருக்கும் அந்தப் புண் வரவில்லை.

ஐயாவின் படிப்பு பெரியதுதான். யாரிடம் கேட்கவேண்டும் என்று தெரிந்திருந்தாரே, அது அதைவிடப் பெரியது. பிறகு யாராவது மருந்து வேண்டாம் என்று முரண்டு பிடித்தால், நானும் அவர்கள் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்து பேசக் கற்றுக்கொண்டேன்.

பேத்தி மலரு, என் எழுத்து கோணல்தான், இருந்தாலும் வீட்டில் எல்லாருக்கும் இதை வாசித்துக் காட்டு. அக்கா பேசுகிற இடத்தைச் சத்தமாக வாசி. அவர் அன்றைக்கு மெதுவாகப் பேசவில்லை.