கல்யாண கேசட்டில் நான் சேர்த்த வயலின்

தொண்ணூறுகளின் பிற்பகுதி. நெய்வேலி மெயின் பஜாரில் நானும் என் கணவரும் சின்னதாக ஒரு வீடியோ கடை வைத்திருந்தோம். கேமரா பிடிப்பது அவர். வெட்டுவது, ஒட்டுவது, இசை சேர்ப்பது எல்லாம் நான். மிக்சிங் என்று அதற்குப் பெயர்.

எனக்குப் பாட்டைவிடப் பின்னணி இசைமேல்தான் பைத்தியம். தியேட்டரில் எல்லோரும் கதாநாயகியைப் பார்த்து அழுதால், நான் கண்ணை மூடிக்கொண்டு அழுகிறவள். ஒரு வார்த்தை பேசாமல் ஜன்னலோரம் நிற்கிற பெண்ணின் மனசை நாலு நொடியில் இந்த இசையமைப்பாளர்கள் எப்படித் திறந்து காட்டுகிறார்கள் என்று வியந்து போவேன். படங்களிலிருந்து அந்தத் துண்டுகளை மட்டும் ஆடியோ கேசட்டில் பிடித்து, 'அழுகை ஒன்று', 'அழுகை இரண்டு', 'வெட்கம்', 'திகில்' என்று எழுதி அடுக்கி வைத்திருந்தேன். எங்கள் கல்யாண கேசட் சினிமா மாதிரியே இருக்கிறது என்று டவுன்ஷிப்பில் பேச்சு. எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

அப்போது ஒரு சர்ச் கல்யாணம் வந்தது. பெண்ணுக்குக் குறிஞ்சிப்பாடி. மாப்பிள்ளைக்கு மைன்ஸில் பர்மனென்ட் வேலை. பெண் நாள் முழுக்க முகத்தைத் தொங்கப்போட்டிருந்தாள். இவளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அலுத்துக்கொண்டே கேசட்டை ஓட்டிப் பார்த்தேன். ரிசப்ஷனில் ஓர் இளைஞன் மேடையேறிப் பரிசு கொடுக்கிறான். அவள் நிமிர்ந்து அவனிடம் ஏதோ கேட்கிறாள். அவன் தலையாட்டி மறுத்துவிட்டு இறங்குகிறான். அவள் கண் கலங்குகிறது.

விடுவேனா நான்? அந்த இடத்தை ஸ்லோமோஷனாக்கி, கேமராவில் பதிவான சத்தத்தை எடுத்துவிட்டு, 'அழுகை இரண்டு' போட்டேன். ஒற்றை வயலின். முடித்ததும் நானே இரண்டு தடவை ஓட்டிப் பார்த்து ரசித்தேன்.

கேசட் கொடுத்து இரண்டு வாரம் இருக்கும். காலையில் கடை திறந்ததும் பெண்ணின் அப்பா வந்து நின்றார்.

"இன்னாம்மா இப்டி பண்ணிட்டீங்க? மாப்ள வூட்டுல சொந்தக்காரங்கள எல்லாம் கூட்டி வச்சிகினு போட்டுப் பாத்தாங்களாம். யாரவன், எதுக்கு இவ அழுவுறான்னு கேட்டு, எம் பொண்ணை எங்க வூட்டுக்கே அனுப்பிட்டாங்கம்மா."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தப் பையன் யார் என்று கேட்டேன்.

"பக்கத்து வூட்டுப் புள்ள. மெடிக்கல்ல வேலை செய்யுது. அன்னிக்கு இவளுக்குப் பல்வலி, மாத்திரை கேட்டிருக்கா. சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க."

சட்டென்று ஒரிஜினல் கேசட் ஞாபகம் வந்தது. மிக்சிங் முடிந்த பிறகு, கேமராவில் எடுத்த ஒரிஜினல் கேசட்டை அடுத்த விசேஷத்துக்கு அழித்துப் பயன்படுத்துவது எங்கள் வழக்கம். அன்றைக்கு ஒரு காதுகுத்து. கணவர் பையோடு கிளம்பிக்கொண்டிருந்தார். பிடுங்காத குறையாக வாங்கிக் கொட்டினேன். அந்தக் கேசட் அதற்குள்தான் இருந்தது.

மதியம், முதல் ஷிப்ட் முடிந்து மாப்பிள்ளை வருகிற நேரத்துக்கு அதை எடுத்துக்கொண்டு அவர்கள் குவார்ட்டர்ஸுக்குப் போனேன். பெண்ணையும் அவள் அப்பா கூட்டி வந்திருந்தார். அவள் வாசலைத் தாண்டவில்லை. நான் அதே காட்சியை வயலின் இல்லாமல் போட்டேன். நாற்காலி இழுபடும் சத்தம், குழந்தைகளின் கூச்சல், அதற்கு நடுவே அவள் குரல்.

"அண்ணே, மாத்திரை எடுத்தாந்தியா? பல்லு உயிர் போவுது."

"வெறும் வயித்துல போடக் கூடாது. சாப்ட்டுட்டு வா, தரேன்."

அவ்வளவுதான். மிக்சிங் செய்தபோது அந்தச் சத்தத்தை நான் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. எப்படியும் எடுத்துவிடப்போகிற சத்தம்தானே என்று விட்டுவிட்டேன். அந்தப் பெண்ணைக் காப்பாற்றக்கூடிய வார்த்தைகள் அதில் இருந்தன.

மாமியார் எழுந்து வந்தார். "உள்ள வாம்மா. இதை நீ அன்னிக்கே சொல்லியிருக்கக் கூடாதா?"

"அன்னிக்கே சொன்னேன் அத்தை. உங்க மவன்கிட்டயும் சொன்னேன்."

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். அவள் வாசலைத் தாண்டி உள்ளே போனாள். என்னைத் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது.

சினிமாவுக்கு இசையமைக்கிறவர் கதாநாயகியின் கதையை முழுக்கத் தெரிந்துகொண்டு அவளுக்காக ஒரு துக்கத்தை உண்டாக்குகிறார். நான் அந்தத் துக்கத்தை எடுத்துவந்து, என்ன ஏது என்று விசாரிக்காமல் வேறொருத்தியின் முகத்தில் ஒட்டிவிட்டேன். அதற்குப் பிறகு மிக்சிங் செய்யாமல் இல்லை, ஆனால் முதலில் ஒரிஜினல் சத்தத்தை முழுக்கக் கேட்காமல் எதிலும் கை வைத்ததில்லை. அவள் வாய் திறந்து சொன்னதை அந்த வீட்டில் ஒருவரும் நம்பவில்லை, நான் போட்ட வயலினை எல்லோரும் நம்பினார்கள் என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு பதறுகிறது.