யாரும் ஏற்காத சர்க்காரின் பத்திரம்

என் கணவர் பத்திரப்பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஸ்ரீரங்கத்தில் எங்களுக்குத் தெரிந்த யாரும் இவரிடம் காட்டாமல் ஒரு மனை வாங்கியது கிடையாது. மூலப்பத்திரம் எங்கே, வில்லங்கம் பார்த்தாயிற்றா என்று துருவி எடுத்துவிடுவார். பெண் பார்க்க வந்த அன்றைக்கே, எங்கள் வீட்டுப் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று என் அப்பாவிடம் கேட்ட மனிதர்.

எங்கள் ஒரே பிள்ளை சைப்ரஸ் தீவின் வடக்குப் பாதியில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறான். அங்கே தோட்டத்தோடு ஒரு பழைய கல் வீடு வாங்கப்போவதாகச் சொன்னான். இவர் பத்திரத்தின் மொழிபெயர்ப்பை வரவழைத்து வரி வரியாகப் படித்தார். "முத்திரை இருக்கு, பதிவு நம்பர் இருக்கு, சர்க்காரே எழுதிக் குடுத்திருக்கு. பேஷா வாங்குடா" என்றார். நானும் பெருமாளுக்கு அக்காரவடிசல் பண்ணினேன்.

கிரகப்பிரவேசத்துக்கு எங்களால் போக முடியவில்லை. வாத்தியார் இங்கிருந்து போனில் மந்திரம் சொல்ல, மருமகள் அங்கே பால் காய்ச்சினாள். சொந்தக்காரர்கள் கேட்கிறார்களே என்று வீட்டைச் சுற்றி வீடியோ எடுத்து, யார் வேண்டுமானாலும் பார்க்கிற மாதிரி போட்டாள். கிணறு, எலுமிச்சை மரம், வாசல் நிலைக்கு மேலே கல்லில் செதுக்கிய புரியாத எழுத்து, எல்லாம் அதில் இருந்தன.

அந்த எழுத்து ஒரு கிரேக்கக் குடும்பத்தின் பெயராம். ஐம்பது வருஷத்துக்கு முன்னால் துருக்கிப் படை வந்து இறங்கி, தீவு இரண்டாக உடைந்த சண்டையில் கட்டிய துணியோடு தெற்குப் பக்கம் ஓடிப்போனவர்கள். அந்தக் குடும்பத்துப் பெண் ஒருத்தி வீடியோவைப் பார்த்துவிட்டாள். தெற்கே இருக்கிற கோர்ட்டில் என் பிள்ளைமேல் வழக்கு விழுந்தது.

அவன் போனில் சொன்னதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இவரோ, "நம்மகிட்ட பத்திரம் இருக்கு" என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். எரிச்சல் தாங்காமல் இவரைக் காட்டூரில் ஒரு வக்கீலிடம் இழுத்துக்கொண்டு போனேன். அவர் பத்திரத்தைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"சார், இதை எழுதிக் குடுத்த சர்க்காரை எந்த நாடு ஒத்துக்கிட்டிருக்கு? துருக்கியைத் தவிர யாரும் இல்லைங்க."

"அதனால என்ன? அங்க ஆபீஸ் இருக்கு, ரிஜிஸ்டர் இருக்கு."

"இருக்கட்டும் சார். அங்க ஒரு கொழந்தை பொறந்ததையோ, ஒரு கல்யாணம் நடந்ததையோ பதிஞ்சிருந்தா, வெளிநாட்டுக் கோர்ட்டு பெரும்பாலும் தகராறு பண்ணாது. ஓடிப்போனவங்க நிலத்தை எடுத்து இன்னொருத்தருக்கு எழுதிக் குடுத்தா, அது செல்லாதுன்னுடும். இப்பல்லாம் போலீஸ் கேஸும் போடறாங்க. தெற்குப் பாதி ஐரோப்பிய யூனியன்ல சேர்ந்தது. தம்பியை ஐரோப்பா பக்கம் மட்டும் கால் வைக்க வேண்டாம்னு சொல்லுங்க."

இவர் முகம் வெளுத்துவிட்டது. சர்வீஸ் முழுக்கக் கோபுர முத்திரையைப் பார்த்தே பழகிய கண். "மூலப்பத்திரம் கேட்டேன், வில்லங்கம் கேட்டேன். சர்க்காரையே சந்தேகப்படணும்னு தோணலையே" என்று பஸ்ஸில் முணுமுணுத்தார். காவிரிப் பாலம் தாண்டும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். நாலு பேர் முன்னால் அப்படிப் பிடிக்கிற மனிதர் இல்லை; அதில்தான் எனக்குப் பயம் இரட்டிப்பானது.

அதன்பின் போன் அடித்தால் இவரையே எடுக்கச் சொல்வேன். அக்கம்பக்கத்தில் பிள்ளை சௌக்கியமா என்று கேட்டால், விஷயம் தெரிந்துதான் கேட்கிறார்களோ என்று பேச்சை மாற்றிவிடுவேன். லீவுக்கு அவன் மட்டும் இஸ்தான்புல் வழியாக வருவதாகச் சொன்னான். வானிலை சரியில்லை என்று விமானத்தை ஏதாவது ஐரோப்பிய நாட்டில் இறக்கிவிட்டால்? விலங்கு மாட்டி அழைத்துப்போனால்? இவளுக்கென்ன பைத்தியமா என்று நீங்கள் கேட்கலாம். பெற்றவளுக்குத்தான் தெரியும். திருச்சி விமான நிலையத்தில் அவன் வெளியே வந்ததும், அத்தனை பேர் நடுவில் அவனைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

மறுநாள் மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். "இனிமே பயப்படாதேம்மா. வீட்டைத் தள்ளிவிட வழி பண்ணிட்டேன்" என்றான். "ஜீயபுரத்துக்காரர் ஒருத்தர் எங்க காலேஜ்ல புதுசா சேர்ந்திருக்கார். வாழை போடற குடும்பம். நம்ம அப்பா பத்திரத்தைப் பார்த்து சரின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா, கண்ணை மூடிண்டு வாங்கிக்கறேங்கறார்."

"கேஸ் இருக்கறது அவருக்குத் தெரியுமாடா?"

"அதெல்லாம் எதுக்கும்மா சொல்லிண்டு?" என்று ரசம் சாதத்தைப் பிசைந்தான். "அப்பா, சாயங்காலம் அவரோட தோப்பனார் வரார்."

அதுவரை என் பிள்ளைக்கு என்ன ஆகுமோ என்றுதான் பயந்திருந்தேன். அவன் அவ்வளவு சாதாரணமாகச் சாப்பிடுவதைப் பார்த்ததும் வேறு மாதிரி பயம் வந்தது. இவர் கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

சாயங்காலம் அந்தப் பெரியவர் வேட்டியை மடித்துவிட்டுக்கொண்டு, ஒரு தார் பூவன் பழத்தோடு படியேறினார். "நீங்க பார்த்துச் சொன்னாப் போதுங்க. எங்க ஊர்ல உங்க வார்த்தைக்கு மறுவார்த்தை கிடையாது" என்று இவரைக் கும்பிட்டார். பிள்ளை பத்திரத்தை நீட்டினான்.

இவர் மூக்குக்கண்ணாடியைத் தேடினார். அது என் மடியில் புடவைத் தலைப்புக்கு அடியில் இருந்தது. நான் எடுத்துக் கொடுக்கவில்லை.