மாப்பிள்ளை ஓவர்

டென்னிஸ் பந்துக் கிரிக்கெட்டில் எனக்கென்று ஒரு ஊர் இருந்ததே இல்லை. வேலை கோவில்பட்டியில், ஒரு பெயின்ட் கடையில். ஞாயிற்றுக்கிழமை எந்த ஊர் டீம் கூப்பிடுகிறதோ அந்த ஊர் பனியனை மாட்டிக்கொண்டு பந்து போடப் போய்விடுவேன். ஒரு வாரம் கழுகுமலை, மறுவாரம் எப்போதும்வென்றான். எப்போதும்வென்றான் டீமும் தோற்கும். பேரை நம்பி யாரும் பந்தயம் கட்டிவிடாதீர்கள்.

என் பந்தில் வேகம் கிடையாது. கோடையில் கரிசல் வெடித்துக் கிடக்கும்போது, வெடிப்பின் விளிம்பில் பந்தைக் குத்தினால் அது எந்தப் பக்கம் போகும் என்று பேட்ஸ்மேனுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. எனக்குத் தெரியும் என்று சுற்றுவட்டாரமே நம்பியது, நான் எதற்கு அதைக் கெடுக்க? ஒரே ஒரு தடவை மாவட்ட அணித் தேர்வுக்குப் போனேன். அங்கே தோல் பந்து, மேட் விரித்த பிட்ச். போட்டதெல்லாம் சமர்த்தாக நேரே போய் மட்டையின் நடுவில் பட்டது. மத்தியானத்துக்கு முன்னாலேயே ஊருக்கு பஸ் ஏறிவிட்டேன். வருத்தம் இருந்தது, பஸ் ஸ்டாண்டில் தின்ற புரோட்டாவோடு அதுவும் தீர்ந்தது.

வெளியாளாக ஆடுவதில் ஒரு சௌகரியம் உண்டு. யாரும் திட்ட மாட்டார்கள். சிக்சர் மேல் சிக்சராகக் கொடுத்தாலும், பரவாயில்லை அண்ணாச்சி என்று தண்ணீர் பாட்டிலை நீட்டுவார்கள். அடுத்த வாரம் போன் வராது, அவ்வளவுதான். வயது ஏறித் தோள் வலிக்க ஆரம்பித்ததும் அப்படித்தான் ஒவ்வொரு ஊராக என்னை விட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அடிக்காத போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுபோல் ஒரு கொடுமை கிடையாது. என் மூஞ்சியைப் பார்க்கச் சகிக்காமல் என் மனைவி என்னைப் பசுவந்தனையில் இருக்கும் அவள் அப்பா வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவாள்.

பசுவந்தனையில் கோயில் கொடைத் திருவிழாவை ஒட்டி ஒரு பந்தயம் நடக்கும். அதில் எந்த டீமும் வெளியாளைச் சேர்க்கக் கூடாது. அந்தந்த ஊர்க்காரர்கள் மட்டும்தான். போன கோடையில் இறுதி ஆட்டம் பசுவந்தனைக்கும் எப்போதும்வென்றானுக்கும். பசுவந்தனை கேப்டன் என் மனைவியின் அண்ணன். அன்று காலையில் அவர்களுடைய முக்கிய பவுலருக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. மச்சான் என்னிடம் வந்து, மாப்பிள்ளை நீங்க இறங்குதியளா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். இதை விட்டால் இனி என்னை யார் கூப்பிடப் போகிறார்கள்? அவர் கேட்டு முடிப்பதற்குள் பனியன் என் கழுத்தில் ஏறிவிட்டது.

நான் பந்தைக் கையில் வாங்கியதும் எப்போதும்வென்றான் கேப்டன் கமிட்டிப் பந்தலுக்கு நடந்தான். அவனுக்கு என்னைத் தெரியாதா என்ன? அவன் டீமுக்கே ரெண்டு வருஷம் பந்து போட்டவன் நான். பெண் எடுத்த மாப்பிள்ளையும் ஊர்க்காரர்தான் என்று மச்சான் வாதாடிப் பார்த்தார். அவன் மசியவில்லை.

"மாப்பிள்ளைன்னா விருந்தாளிதான அண்ணாச்சி? வந்தா எல போட்டுச் சோறு வைக்கிதிய, பாய விரிக்கிதிய. அப்புறம் எப்படி ஊர்க்காரராவாரு?"

மச்சான் மாட்டிக்கொண்டார். விருந்தாளி இல்லை என்றால் மாப்பிள்ளையை ஒழுங்காகக் கவனிக்கவில்லை என்று ஊர் பேசும். விருந்தாளிதான் என்றால் நான் வெளியாள், ஆட்டம் கையை விட்டுப் போய்விடும். கமிட்டி தலையைச் சொறிந்தது. நான் பந்தைக் கீழே வைத்தேன்.

அப்போது பெண்கள் பக்கமிருந்து என் மனைவியின் குரல் கேட்டது.

"இவியளா விருந்தாளி? இன்னைக்குக் காலையில எங்க தொழுவுல சாணி அள்ளுனதே இவியதான். உங்க ஊர்ல எந்த விருந்தாளி சாணி அள்ளுதான்?"

கூட்டம் சிரித்த சிரிப்பில் பந்தலே ஆடியது. எனக்கு மானம் போனது போனதுதான், ஆனால் வழக்கு ஜெயித்துவிட்டது. சாணி அள்ளிய மாப்பிள்ளை தொடர்ந்து ஆடலாம் என்று மைக்கிலேயே சொல்லிவிட்டார்கள், பாவிகள்.

கடைசி ஓவர் எனக்கு வந்தது. முதலில் போட்டவை நன்றாகவே விழுந்தன. பிறகு ஒன்றை வெடிப்புக்குக் குறிவைத்தேன். அது நல்ல தரையில் குத்தி வாகாக எழும்பியது. பேட்ஸ்மேன் அதைக் கருவேலங்காட்டுக்குள் அனுப்பினான்.

"ஏலே, கூறுகெட்டவனே! அங்கன எதுக்குலே போடுத?"

மச்சான்தான். கல்யாணமான நாளிலிருந்து வாங்க, போங்க என்பதைத் தவிர வேறு பேசாத மனுஷர். சொன்ன பிறகு அவரே நாக்கைக் கடித்துக்கொண்டார். அதற்குள் எல்லைக் கோட்டில் நின்ற பெரியவர்கள், டீக்கடைக்காரர் என்று ஆளாளுக்கு என்னை ஏலே போட்டுத் திட்ட ஆரம்பித்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பாணி பொத்துக்கொண்டு வந்தது. அவ்வளவு சந்தோஷம்.

கடைசிப் பந்தில் தோற்றோம். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மச்சான் ஒவ்வொரு பந்தாகச் சொல்லிச் சொல்லித் திட்டினார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதும் நிறுத்தவில்லை.

"ஞாயித்துக்கிழம காலையில வெள்ளன பழக வந்திருலே. அடுத்த கொடைக்கும் இப்படிப் போட்டுக் கெடுத்திராத."